மெழுகுக் கட்டி

மார்ச் 4

அக்காவுக்கு,

நான் உங்கள் தம்பியின் மனைவி. நீங்கள் என்னைப் பார்த்ததில்லை. எங்கள் கல்யாணப் பத்திரிகை உங்கள் வீட்டு வாசல் வரை வந்து, பிரிக்கப்படாமலேயே திரும்பி வந்தது. அந்த உறையை இவர் கிழித்துப் போடாமல் அலமாரியில் துணிக்கு அடியில் வைத்திருந்தார். அதிலிருந்த முகவரிக்குத்தான் எழுதுகிறேன். எழுதுவது இவருக்குத் தெரியாது. இதையும் திருப்பி அனுப்பிவிடாதீர்கள், உங்களுக்குப் புண்ணியமாகப் போகும்.

எங்களுக்கு ஏழு மாதப் பெண் குழந்தை இருக்கிறாள். வீட்டில் குண்டு என்று கூப்பிடுகிறோம். எடையே ஏறாத பிள்ளைக்குக் குண்டு என்று பெயர் வைத்த ஒரே தகப்பன் உங்கள் தம்பியாகத்தான் இருப்பார். "கூப்பிட்டுக் கூப்பிட்டே ஏத்திடலாம்" என்கிறார்.

மூன்றாம் மாதத்திலிருந்தே மூச்சு வேகம். தூங்கும்போது எண்ணினால் நிமிடத்துக்கு எழுபது. மூச்சை இழுக்கும்போது விலாவுக்கு நடுவே தோல் உள்ளே குழிகிறது. காய்ச்சல் இல்லை, சளி இல்லை. நாலு வாய் பால் குடிப்பதற்குள் களைத்து, வாயை எடுத்துவிடுவாள். முதலில் பார்த்தவர்கள் நெஞ்சுச் சளி என்றே மருந்து கொடுத்தார்கள். ஒரு நாள் விரலில் கருவியை மாட்டிப் பார்த்தால் ஆக்சிஜன் எண்பத்தெட்டு. இப்போது மூக்கில் குழாயோடு, பக்கத்தில் சிலிண்டரோடு இருக்கிறாள்.

ஸ்கேன் பார்த்த நுரையீரல் டாக்டரம்மா ஒரு பேப்பரில் திராட்சைக் கொத்து மாதிரி வரைந்து காட்டினார். "இதெல்லாம் காத்துப் பை. பைக்கும் பைக்கும் நடுவுல மெல்லிசா சுவர் இருக்கு. அந்தச் சுவர் பக்கம்தான் கோளாறு. ஆனா இது ஒரு நோயோட பேர் இல்லம்மா, ஒரு பெரிய குடும்பத்தோட பேர்" என்றார். சில குழந்தைகளுக்கு நுரையீரல் வளர்ந்த விதத்திலேயே குறையாம். சிலருக்குப் பைகள் ஒட்டிக்கொள்ளாமல் காக்கிற வழவழப்பு பரம்பரையிலேயே சரியாக அமையாதாம். பால் புரையேறியும் வரும், தூசியாலும் வரும், பறவையாலும் வரும், ஏன் என்றே தெரியாமலும் வரும். ஒரு வகை, ஆக்சிஜன் கொடுத்துக் காத்திருந்தால் இரண்டு மூன்று வயதுக்குள் தணிந்துவிடும். இன்னொரு வகையில் நுரையீரலையே மாற்ற வேண்டும். அதற்கு முன்பே முடிந்தும் போகலாம்.

ரத்தத்தில் மரபணு பார்த்தார்கள். அந்த வழவழப்புக்கான மரபணுவில் ஒரு மாற்றம் இருக்கிறது. அப்பா வழியில் ஒன்று, அம்மா வழியில் ஒன்று என இரண்டு பிரதியும் கெட்டால்தான் ஆபத்தாம். குண்டுவிடம் கண்ணுக்குத் தெரிவது ஒன்று, அது இவர் வழியில் வந்தது. அதுவும் இதுவரை எங்கும் பதிவாகாததாம். இரண்டாவது எங்கேயாவது ஒளிந்திருக்கிறதா என்று அவர்களால் சொல்ல முடியவில்லை. அதனால் நெஞ்சைத் திறந்து ஒரு துண்டு வெட்டிப் பார்க்கலாம் என்கிறார்கள். அவள் எடை ஐந்து கிலோ நானூறு.

டாக்டரம்மா கேட்டார்: "உங்க வீட்டுப் பக்கம் கைக்குழந்தை யாராவது மூச்சுத் திணறி இறந்திருக்கா?" இவர் கண் இமைக்காமல் "இல்லைங்க" என்றார். வெளியே வந்து, "உங்க அக்கா பிள்ளை?" என்று கேட்டேன். "அது நோய் இல்லையே. அது புறாவால வந்ததுதானே" என்றார். பொய் சொல்லவில்லை, அக்கா. நிஜமாகவே அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார்.

உங்கள் மகனுக்கு என்ன என்று சொன்னார்கள்? ஒரு காகிதமாவது இருக்கிறதா?

தங்கள் தம்பி மனைவி


மார்ச் 15

என் தம்பியின் மனைவிக்கு,

கடிதம் வந்தது. உங்கள் குழந்தை நன்றாக இருக்கட்டும். மற்றபடி என்னால் உதவ முடியாது.

என் மகன் ஐந்து மாதமும் ஒன்பது நாளும் இருந்தான். அவனை எடுத்த அன்று, வீடு நிறைய ஆட்கள் இருக்கையில், என் தம்பி என் கணவரின் முகத்துக்கு நேரே சொன்னான்: "உங்க புறாதான் மாமா எம் மருமகனைக் கொன்னுச்சு." வாயில் வந்ததைக் கொட்டிவிட்டு அவன் ஊருக்குப் போய்விட்டான். கேட்டுக்கொண்டிருந்தவர்கள் அதை எல்லா வீட்டுக்கும் கொண்டுபோனார்கள்.

என் கணவர் லிஃப்ட் மெக்கானிக். அவருக்கு இருந்த ஒரே பொழுதுபோக்கு மொட்டை மாடியில் இருபத்திரண்டு பந்தயப் புறாக்கள். மறுநாளே கூண்டைத் திறந்து எல்லாவற்றையும் விரட்டினார். சாயங்காலம் இருபத்திரண்டும் திரும்பி வந்தன. அதற்குத்தானே பழக்கினார்? பெட்டிகளில் அடைத்து, மூன்று மணி நேரப் பயணத் தொலைவில் ஒருவரிடம் கொடுத்துவிட்டு வந்தார். இவருக்கு முன்னால் அவை வீட்டுக்கு வந்திருந்தன. கடைசியில் பலகை பலகையாகக் கூண்டைப் பிரித்துப் போட்டார். அதன் பிறகும் ஒரு வாரம் வெறும் சுவரில் வந்து உட்கார்ந்திருந்தன. அவர் அன்றோடு மாடிப்படி ஏறுவதை விட்டுவிட்டார்.

ஒன்பது வருடமாக எங்கள் வீட்டில் இதைப் பற்றிப் பேச்சில்லை. நீங்கள் அதைக் கிளற வேண்டாம். பதில் எழுதவும் வேண்டாம்.

இதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்: பால் குடிக்கும்போது நகம் நீலமாகிறதா? நீலமானால் உடனே தூக்கிக்கொண்டு ஓடுங்கள். நான் விளக்கு வெளிச்சம் என்று நினைத்துவிட்டேன்.


மார்ச் 22

அக்காவுக்கு,

பதில் எழுத வேண்டாம் என்றீர்கள். அந்தக் கடைசி இரண்டு வரிக்குப் பதில் எழுதாமல் எப்படி இருப்பேன்? நகம் நீலமாகவில்லை. நான் கண்ணாடிக் கடையில் பவர் பார்த்துக் கண்ணாடி தீட்டுகிறவள். கால் பவர் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிறேன்.

இவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறாரே, பழகுகிறவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து காலுக்கடியில் தனி பிரேக் வைத்துக்கொண்டு. வீட்டிலும் அப்படித்தான். பேச்சு ஒரு இடத்துக்கு வந்தால் பிரேக்கை மிதித்துவிடுவார். அந்த இடம் நீங்கள். அதனால் நானே தனியாகப் போய் டாக்டரம்மாவிடம் உங்கள் மகனைப் பற்றிச் சொன்னேன்.

அவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். "நுரையீரல்ல துண்டு எடுத்துப் பாத்தாங்களா? எடுத்திருந்தா அதை மெழுகுல புதைச்சு வெச்சிருப்பாங்க. சீக்கிரத்துல தூக்கிப் போட மாட்டாங்க. அது கிடைச்சா, இவளுக்கு நெஞ்சைத் திறக்காமலே எனக்குப் பாதி தெரிஞ்சுடும்" என்றார். பத்து வாரம் வரை காத்திருக்கலாம் என்றும் சொன்னார். ஆனால் அந்த மெழுகுக் கட்டியைக் கொடுக்க, பெற்றவளின் கையெழுத்து வேண்டுமாம்.

உங்கள் வீட்டுச் சண்டையில் நான் இல்லை, அக்கா. நியாயம் பேசவும் வரவில்லை. பிள்ளையை வெட்டாமல் காப்பாற்ற வழி இருக்கிறதா என்று கேட்டு வாசலில் நிற்கிறேன். போன் நம்பர் கொடுத்தால் பேசுகிறேன்.


ஏப்ரல் 9

தம்பி பெண்டாட்டிக்கு,

போன் வேண்டாம். பேசினால் ஒன்று அழுவேன், இல்லையென்றால் கத்துவேன். இரண்டும் உனக்கு உதவாது. (நீ என்று எழுதிவிட்டேன். அப்படியே இருக்கட்டும்.)

போனேன். அந்த ஆஸ்பத்திரித் தெருவுக்கு ஒன்பது வருடமாகப் போனதில்லை. பஸ் அந்த வழியாகப் போனால் முன் நிறுத்தத்திலேயே இறங்கி நடப்பேன். பரிசோதனைக் கூடம் கீழ்த்தளத்தில். ஒரு அம்மா பழைய பதிவேட்டைப் புரட்டி எண்ணைக் கண்டுபிடித்து, இழுப்பறை இழுப்பறையாகத் தேடினார். இரண்டு முறை, "இல்லைன்னு நினைக்கிறேம்மா" என்றார். நான் பஸ் பணிமனையில் உதிரிபாகக் கிடங்கு பார்க்கிறவள். இல்லை என்று சொல்லும் கிடங்குக்காரர்களை எனக்குத் தெரியும். "நான் உக்காந்திருக்கேன், நீங்க மெதுவாப் பாருங்க" என்றேன். மூன்றாம் முறை கிடைத்தது.

கட்டைவிரல் நகம் அளவு. வெள்ளை மெழுகு, அதற்குள் பழுப்பாக ஒரு புள்ளி, பிளாஸ்டிக் சட்டத்தில் பென்சிலால் எழுதிய எண். அதைத் தொட்டுப் பார்க்க விட்டார்கள். இதைவிடச் சின்ன வாஷருக்கெல்லாம் நான் தினமும் கையெழுத்து வாங்குகிறவள். அன்று என் மகனுக்கு நான் கையெழுத்துப் போட்டேன். உன் டாக்டருக்கு அனுப்பிவிட்டார்கள்.

அவன் காகிதங்களின் நகல் இதோடு இருக்கிறது. காரணம் என்ற இடத்தில் "தெரியவில்லை" என்று இருக்கும். அதற்குக் கீழே ஒரு வரி: "வீட்டில் பறவைகள் உண்டு, கருத்தில் கொள்க." அந்த ஒரு வரியை வைத்துத்தான் தீர்ப்பே எழுதினோம்.

எழுதினோம் என்று ஏன் சொல்கிறேன் என்றால், என் தம்பி வாயால் சொன்னான், நான் மனதுக்குள் சொன்னேன். அவன் மேல் எனக்கு வந்த கோபம் அவன் பொய் சொன்னதற்காக இல்லை. நான் மூடி வைத்திருந்ததை நாலு பேர் முன்னால் திறந்து காட்டினானே, அதற்காக. என் கணவருக்குப் பரிந்துகொண்டு தம்பியின் உறவை வெட்டிவிட்டேன் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். அவரும் அப்படித்தான் நினைக்கிறார். ஒன்பது வருடமாக அவரோடு ஒரே வீட்டில் இருந்துகொண்டு, இவரால்தான் என்று நினைத்துக்கொண்டே சாப்பாடு போட்டிருக்கிறேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். கையெழுத்துப் போடும்போது கணக்குப் போட்டுப் பார்த்தேன். இருவருக்கும் ஒரே நோய் என்றால் புறாக்கள் மேல் பழி இல்லை, ஆனால் உன் பிள்ளை தங்காது. வேறு வேறு என்றால் உன் பிள்ளை பிழைப்பாள், என் வீட்டில் பழி அப்படியே இருக்கும். ஒரு நிமிடம், ஒரே நோயாக இருக்கட்டும் என்று நினைத்தேன். ஒரு நிமிடம்தான். ஆனால் நினைத்தேன்.

எங்கள் இரண்டு பேர் ரத்தமும் வேண்டும் என்றார்களாம். தம்பி குழந்தைக்காக என்று மட்டும் அவரிடம் சொன்னேன். ஒரு கேள்வி கேட்காமல் சட்டைக் கையை மடித்துவிட்டார்.


ஏப்ரல் 20

அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தில் அந்த வரியைப் படித்ததும் மடித்து, சமையலறையில் டப்பாவுக்குப் பின்னால் வைத்துவிட்டேன். நாலு நாள் எடுக்கவில்லை. உங்கள் மேல் அப்படி ஒரு ஆத்திரம். குழந்தையைத் தூக்கும்போதெல்லாம், இவள் போனால் ஒருத்திக்கு நிம்மதி என்று தோன்றிக்கொண்டே இருந்தது.

ஐந்தாம் நாள் சிலிண்டர் மாற்றுகிற ஆள் வந்தார். பக்கத்துத் தெருவிலும் இதே போல ஒரு குழந்தை, அதற்கு இன்னும் மோசம் என்று சொன்னார். எனக்கு உடனே என்ன தோன்றியது தெரியுமா? அப்பாடா, நம்ம குண்டு பரவாயில்லை என்று. அந்தக் குழந்தையின் அம்மா நான் கண்ணாடி மாட்டிவிட்ட பெண்தான். அன்று ராத்திரி சாப்பாடே இறங்கவில்லை. உங்கள் ஒரு நிமிடமும் என்னுடையதும் சமம். இனி அதைப் பற்றி எழுதாதீர்கள். சொல்லாமல் இருந்திருக்கலாம், சொன்னீர்கள். அதனால் உங்களை நம்புகிறேன்.

இவருக்குத் தெரிந்துவிட்டது. மெழுகுக் கட்டி வந்து சேர்ந்த செய்தி இவர் போனுக்கு வந்தது. கத்துவார் என்று பயந்தேன். கத்தவில்லை. கீழே போய், நிறுத்தி வைத்திருந்த காரில் ஓட்டுநர் இருக்கையில் இல்லை, வழக்கமாகச் சொல்லிக்கொடுக்கிற பக்கத்து இருக்கையில் போய் உட்கார்ந்துகொண்டார். ஒரு மணி நேரம் கழித்து நான் போனேன். "டாக்டர் கேட்டப்போ எனக்கு ஞாபகமே வரலடி. அது சாவா, நோயான்னு பிரிச்சுப் பாக்கவே தோணல. நான் ஒண்ணு சொன்னேன், அதையே நம்பிட்டேன்" என்றார். பிறகு, "அன்னிக்கு யாரையாவது ஏசணும்போல இருந்துச்சு. மாமா பக்கத்துல நின்னாரு, அவ்வளவுதான்" என்றார்.

உங்களுக்கு எழுத உட்கார்ந்தார். மூன்று காகிதம் கசங்கியதோடு சரி.

குண்டு எண்பது கிராம் ஏறியிருக்கிறாள். எண்பது கிராமுக்கு இவர் கடைக்காரர் வரை எல்லோரிடமும் சொல்லிவிட்டு வந்தார்.


மே 27

அக்காவுக்கு,

முடிவு வந்துவிட்டது. முதலில் உங்கள் மகனைப் பற்றி.

அவனுக்கு அந்த மரபணுவின் இரண்டு பிரதியுமே கெட்டிருந்தன. ஒன்று உங்களிடமிருந்து வந்தது, இவரிடமும் குண்டுவிடமும் இருக்கிற அதே மாற்றம். இன்னொன்று அண்ணனிடமிருந்து, உங்கள் வீட்டுக்காரரிடமிருந்து வந்தது. உங்கள் இருவருக்கும் ஆளுக்கு ஒரு நல்ல பிரதி இருப்பதால் ஒன்றும் செய்யவில்லை. அவனுக்குத்தான் இரண்டும் ஒன்றாகச் சேர்ந்துவிட்டது. டாக்டரம்மா சொன்னதை அப்படியே எழுதுகிறேன், ஒரு சொல் மாற்றவில்லை. "அவங்க புறாவே வளக்கலைன்னாலும், வேற ஊர்ல, வேற வீட்டுல இருந்திருந்தாலும், அந்தக் குழந்தைக்கு இது வந்திருக்கும். யாரும் எதையும் செஞ்சதால வரல. யாரும் எதையும் செய்யாததாலயும் வரல. அப்போ இதுக்கு மருந்தும் இல்ல."

குண்டுவுக்கு ஒரு பிரதிதான். அண்ணன் வழியிலான மாற்றம் அவளுக்கு வர வழியில்லை, என் வழியிலும் ஒன்றும் இல்லை என்று மறுபடி தேடிப் பார்த்துவிட்டார்கள். உங்கள் மகனின் துண்டில் கண்ட சேதம் இவள் ஸ்கேனில் இல்லையாம். அதோடு ஸ்கேனில் தெரிகிற சாயல், வயது, காய்ச்சலில்லாத வேக மூச்சு எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் தானாகத் தணிகிற வகை என்கிறார். ஏன் வருகிறது என்று யாருக்கும் தெரியாதாம். நெஞ்சைத் திறக்க வேண்டாம். ஆக்சிஜன் இன்னும் ஒரு வருடமோ இரண்டு வருடமோ வேண்டும். சளி பிடித்தால் மற்ற பிள்ளைகளைவிட அதிகம் திணறுவாள். "சத்தியம் பண்ணித் தர மாட்டேன், ஆனா நான் பயப்படல" என்றார். எனக்கு அது போதும்.

உங்கள் மகனின் துண்டுதான் என் மகளைக் கத்தியிலிருந்து காப்பாற்றியது, அக்கா. நன்றி என்று எழுதினால் அற்பமாக இருக்கிறது.

அறிக்கை நகல் இரண்டு வைத்திருக்கிறேன். ஒன்று அண்ணனுக்கு. இவர் நேரில் வந்து அவர் காலில் விழ வேண்டும் என்று துடிக்கிறார். வரலாமா என்று கேட்கச் சொன்னார்.


ஜூன் 6

குண்டுவின் அம்மாவுக்கு,

பத்து நாள் ஆகிவிட்டது. பயந்துபோயிருப்பாய். எனக்கு அந்தக் காகிதத்தை அவரிடம் கொடுக்க எட்டு நாள் ஆயிற்று.

நேற்று முன்தினம் அவர் வேலை முடிந்து வந்து கிரீஸ் கையைக் கழுவிக்கொண்டிருந்தார். பக்கத்தில் நின்றே படித்துக் காட்டினேன், உன் கடிதத்தையும் சேர்த்து. குழாயை மூடாமலே கேட்டார். முடித்ததும், "அப்போ உன்கிட்ட பாதி, என்கிட்ட பாதி" என்றார். ஆமாம் என்றேன். "குழந்தை நல்லாயிடும்ல?" என்றார். ஆமாம் என்றேன். துண்டை எடுத்துக் கையைத் துடைத்துக்கொண்டார்.

அதோடு விட்டிருக்கலாம். நான் விடவில்லை. "நானும் புறான்னுதான் நினைச்சேன். இத்தனை வருஷமா" என்றேன்.

"தெரியும்" என்றார்.

எப்படித் தெரியும் என்று கேட்டேன். "அன்னிக்கு உன் தம்பி சொன்னப்போ எல்லாரும் என்னைப் பாத்தாங்க. நான் உன்னைப் பாத்தேன். நீ இல்லைன்னு சொல்லல."

ஒன்பது வருடம், அம்மா. தெரிந்துகொண்டே என்னோடு இருந்திருக்கிறார். நான் சமையலறைத் தரையில் உட்கார்ந்து அழுதேன். அவரும் எதிரே சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். தேற்றவில்லை. தேற்றுவார் என்று நான் எதிர்பார்த்ததே தப்பு. பிறகு, "அவன் மூச்சு விட்ட சத்தம் உனக்கு ஞாபகம் இருக்கா?" என்று கேட்டார். இருக்கிறது என்றேன். மகனைப் பற்றி நாங்கள் பேசிக்கொண்ட முதல் பேச்சு அது. விடியும்வரை இல்லை, ஒரு அரை மணி நேரம்தான் பேசினோம். ஆனால் பேசினோம்.

என் தம்பி வந்து காலில் விழுவதைப் பற்றிச் சொன்னேன். வேண்டாம் என்கிறார். "அவன் மன்னிப்பு கேட்டா நான் பரவாயில்லைன்னு சொல்லணும். ஆனா பரவாயில்லைன்னு எனக்கு இன்னும் தோணல. சொல்ல வர்றப்போ சொல்லிக்கிறேன், அவசரப்படுத்த வேணாம்." இதை அப்படியே அவனிடம் படித்துக் காட்டு. பிரேக் போடாமல் கேட்கச் சொல். எனக்கும் அதே பதில்தான் கிடைத்திருக்கிறது என்றும் சொல். நானும் அவனும் ஒரே வரிசையில்தான் நிற்கிறோம்.

சிலிண்டரோடு குழந்தையை அலைக்கழிக்க வேண்டாம், நாமே போகலாம் என்றது அவர்தான். அடுத்த ஞாயிறு காலை பஸ்ஸில் வருகிறோம். உன் வீடு எத்தனையாவது மாடி என்று கேட்டார். படியா லிஃப்டா என்று எழுது, லிஃப்ட் என்றால் வந்ததும் வராததுமாக அதன் பெட்டியைத் திறந்து பழுது பார்க்க ஆரம்பித்துவிடுவார்.

ஒரே ஒரு வேண்டுகோள். எங்கள் மகன் போனதிலிருந்து யார் வீட்டிலும் அவரிடம் கைக்குழந்தையைக் கொடுத்ததில்லை. யாரும் வேண்டுமென்று செய்ததில்லை, நான் வாங்கிக்கொள்வேன், அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பார். உன் வீட்டிலும் அப்படித்தான் நிற்பார். நான் ஆசையில் முந்திக்கொண்டு கை நீட்டினாலும் கொடுக்காதே. குண்டுவை முதலில் அவர் கையில் கொடு.

உன் அக்கா